எதிராளியின் முறையில் இறங்கிய டெர்மினேட்டர்கள்

வாசகர் கேள்வி: அண்ணா, நானும் என் மனைவியின் தம்பியும் ஆறு ஆண்டுகளாக, மேசைமீது சிறு மாடல் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 என்ற போர் விளையாட்டை ஆடி வருகிறோம். லண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு கிளப்பில் போன மாதம், ஆளுக்கு 2,000 புள்ளி மதிப்புள்ள படையோடு ஆட்டம் ஒன்று நடந்தது. இரண்டாவது சுற்று, அவனுடைய முறை. அவன் நகர்வுக் கட்டத்தை முடித்ததும் நான் ரேபிட் இன்கிரஸ் என்ற உத்தியைப் பயன்படுத்தி, ரிசர்வில், அதாவது மேசைக்கு வெளியே, வைத்திருந்த ஐந்து டெர்மினேட்டர்களை (கனத்த கவச வீரர்கள்), மேசை ஓரத்திலிருந்து வராமல் நேரே களத்தில் இறங்கும் டீப் ஸ்ட்ரைக் திறன் மூலம் மேசையின் நடுவில் இறக்கினேன். உடனே மூன்று ஆட்சேபம் வந்தது. முதலாவது, "டீப் ஸ்ட்ரைக் விதி 'உங்கள் நகர்வுக் கட்டத்தில்' என்கிறது, இது என் கட்டம். ஆகவே மேசை ஓரத்திலிருந்துதான் வர வேண்டும்." இரண்டாவது, இடிந்த கட்டடத்தின் மாடியில் அவனுடைய ஸ்னைப்பர்கள் இருந்தார்கள். என் மாடலிலிருந்து மாடிக்குச் சாய்வாக டேப் பிடித்தால், இறங்கும்போது எதிரியிடமிருந்து இருக்க வேண்டிய ஒன்பது அங்குலத்துக்கு மேல் வந்தது. அவனோ தரைமட்டமாக அளந்து, எட்டுதான் என்றான். மூன்றாவது, ஏற்கெனவே 470 புள்ளிக்கு பைக் வீரர்களையும் டாங்கியையும் ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸில் வைத்திருந்தேன். டெர்மினேட்டர்களையும் சேர்த்தால் அதற்கான 500 புள்ளி வரம்பைத் தாண்டுகிறது, படையே செல்லாது என்றான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டத்தில் வென்றேன். அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. யார் சொன்னது சரி?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதல் ஆட்சேபத்தில் நீங்கள் சரி. இரண்டாவதில் உங்கள் மைத்துனர் சரி. மூன்றாவதில் விதி உங்கள் பக்கம் நிற்கிறது, ஆனால் அந்தத் தகராறுக்கு வழிவிட்டவர் நீங்கள்தான். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். வார இறுதிப் போட்டிகளில் பல ஆண்டுகளாக நடுவராக நிற்கிறேன். என்னைக் கைதட்டி அழைக்கும் மேசைகளில் ரிசர்வ் தகராறு இல்லாத நாள் அபூர்வம். அதற்கு ஒரு காரணம் உண்டு. மேசைமீது இருக்கும் மாடல் எங்கே இருக்கிறது என்று இருவர் கண்ணுக்கும் தெரியும். ரிசர்வில் இருக்கும் மாடல் எங்கேயும் இல்லை. அது இருப்பதும் வருவதும் வார்த்தைகளில் மட்டும்தான். அந்த வார்த்தைகளை இருவரும் வெவ்வேறாகப் படித்துவிட்டால், சுட்டிக்காட்ட மேசையில் ஒன்றும் இருக்காது.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு ராணுவத்திடம் கொடுத்தார். அதில் எதிரியின் கண்ணுக்குப் படாத படைகளை வரைபடத்தின்மீது வைப்பதே இல்லை. அவை எங்கே நிற்கின்றன என்பது நடுவருக்குத் தெரியும். எதிரி பார்க்கக்கூடிய தூரத்துக்கு வந்த பிறகுதான் அவர் அவற்றைப் படத்தில் வைப்பார். ஆகவே ஒளிந்திருக்கும் படையைப் பற்றிச் சண்டை எழ இடமில்லை. உங்கள் கிளப்பின் வியாழக்கிழமை ஆட்டத்தில் அப்படி ஒரு நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. அவருடைய வேலையையும் நீங்கள் இருவருமே பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் நடுவராக ஒரு ரிசர்வ் கேள்வியை எடுக்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வேன். இந்த யூனிட் (ஒன்றாக இயங்கும் மாடல்களின் குழு) எந்தக் கதவு வழியாக, அதாவது எந்த விதியின்படி, வெளியே போனது? எப்போது திரும்பி வரலாம்? வரும்போது எங்கே நிற்கலாம்? பெரும்பாலான சண்டைகளில் ஒருவர் 'எப்போது' என்பதற்கான விதியைக் காட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் 'எங்கே' என்பதற்கான விதியைக் காட்டிக்கொண்டிருப்பார். இருவர் கையிலும் உண்மையான விதி இருக்கும். அதனால்தான் குரல் உயர்கிறது.

உங்கள் முதல் ஆட்சேபத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் வந்த 10ஆம் பதிப்பை வைத்துத்தான் பேசுகிறேன். நீங்கள் சொல்லும் விதிகள் எல்லாம் அதில் உள்ளவை. டீப் ஸ்ட்ரைக் விதி, உங்களுடைய நகர்வுக் கட்டம் ஒன்றின் துணைப்படை வரும் படியில் யூனிட்டை இறக்கலாம் என்கிறது. உங்கள் மைத்துனர் பிடித்துக்கொண்டது அந்த 'உங்களுடைய' என்ற சொல்லை. அதைப் பிடித்தது தவறில்லை. விதிநூலில் அனுமதி கொடுக்காதது எதுவும் நடக்காது என்பதே அடிப்படை. மேசைக்கு வெளியே இருக்கும் மாடல் வருவதற்கு யாராவது 'வா' என்று சொல்லியாக வேண்டும். அவனுடைய கட்டத்தில் டீப் ஸ்ட்ரைக் தானாக 'வா' என்று சொல்லவில்லை.

ஆனால் ரேபிட் இன்கிரஸ் சொல்கிறது. உத்திகளுக்கு விலையாகக் கொடுக்கும் கமாண்ட் பாயிண்ட் ஒன்றைச் செலவழித்து, எதிராளியின் நகர்வுக் கட்டம் முடியும்போது, ரிசர்வில் உள்ள ஒரு யூனிட்டைக் கொண்டுவரலாம். அது உங்களுடைய நகர்வுக் கட்டத்தின் துணைப்படைப் படி என்பதுபோலவே வரும். 'என்பதுபோலவே' என்ற அந்தச் சொல்தான் இங்கே முழுச் சுமையையும் தாங்குகிறது. உங்கள் கட்டம் என்று வைத்துக்கொள் என்று விதி சொன்னால், உங்கள் கட்டத்தை எதிர்பார்த்து நிற்கும் மற்ற விதிகளும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகும். ஒரு சொல்லை வீணாக்கும் வாசிப்பைவிட, ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை கொடுக்கும் வாசிப்பே சரியானது. நடுவராக இந்த ஒரு பழக்கம் எனக்குக் கைகொடுத்த அளவுக்கு வேறெதுவும் கைகொடுத்ததில்லை.

பதிப்பு வெளிவந்த புதிதில் உங்கள் மைத்துனரைப் போலவே வாதிட்டவர்கள் பலர். அவர்களுக்காகவே, பின்னர் வந்த திருத்தத்தில், யூனிட்டின் எல்லா மாடல்களுக்கும் டீப் ஸ்ட்ரைக் இருந்தால், அது உங்கள் நகர்வுக் கட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் திறனின்படியே இறக்கலாம் என்று நேரடியாக எழுதிவிட்டார்கள். ஆகவே இதில் இனி விவாதம் இல்லை. அவரிடம் அச்சிட்ட பழைய புத்தகம் மட்டும் இருந்தால் இந்த வரி அதில் இருக்காது. சண்டை தொடங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "நாம் இருவரும் ஒரே தேதியிட்ட விதியைப் படிக்கிறோமா?" என்பதுதான். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அதே வேளையில், 'என்பதுபோலவே' என்ற சொல் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் எல்லை உண்டு. சாதாரணமாக ஒரு யூனிட் வர முடியாத சுற்றில் அதைக் கொண்டுவர இந்த உத்தியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே தடை இருக்கிறது. உங்கள் ஆட்டம் இரண்டாவது சுற்றில் இருந்ததால் அந்தத் தடை எழவில்லை. தடையை இங்கே நினைவூட்டுவது வேறு காரணத்துக்காக. சிறப்பு விதி ஒன்று வந்துவிட்டால் பொது விதிகள் எல்லாம் கழன்றுவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிறப்பு விதி எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தில் மட்டும்தான் பொது விதி விலகி நிற்கும். ரேபிட் இன்கிரஸ் 'எப்போது' என்பதை மாற்றுகிறது. 'எங்கே' என்பதை அது தொடவே இல்லை. அதாவது ஒன்பது அங்குலம் அப்படியே இருக்கிறது. அங்கேதான் நீங்கள் சறுக்கினீர்கள்.

டீப் ஸ்ட்ரைக் விதியில், எல்லா எதிரி மாடல்களிலிருந்தும் 'கிடைமட்டமாக' ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கிடைமட்டமாக என்றால் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் அளப்பது. மாடியில் நிற்கும் ஸ்னைப்பரின் நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து உங்கள் டெர்மினேட்டருக்கு டேப் பிடிக்க வேண்டும். நீங்கள் சாய்வாகப் பிடித்தீர்கள். தரையில் எட்டு அங்குலம், மாடியின் உயரம் ஐந்து அங்குலம் என்றால், சாய்வு 9.4 வருகிறது. டேப் பொய் சொல்லவில்லை; நீங்கள் அதனிடம் கேட்ட கேள்விதான் வேறு.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 10ஆம் பதிப்பு வந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு போட்டியில், இதே போன்ற அளவுக்காக என்னை அழைத்தார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு மேசைகளில் கை உயர்ந்திருந்தது. சாய்வாக அளந்தேன், ஒன்பதுக்கு மேல் வந்தது, "செல்லும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். முந்தைய பதிப்பில் வெறும் 'ஒன்பது அங்குலத்துக்கு மேல்' என்றுதான் இருந்தது. அதன்படி சாய்வு அளவு சரி. என் கை பழைய பதிப்பின் பழக்கத்தில் அளந்துவிட்டது. மதிய உணவு இடைவேளையில் விதியைத் திறந்து பார்த்தபோதுதான் அந்த ஒரு சொல் கண்ணில் பட்டது. தோற்ற வீரர் பதினேழு வயதுப் பையன். அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். முடிவை மாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து எவ்வளவு நன்றாகத் தெரிந்த விதியாக இருந்தாலும், மேசைமுன் நின்று அதை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறேன்.

'கிடைமட்டமாக' என்ற சொல்லை ஏன் சேர்த்தார்கள் என்று யோசித்தால் விதி இன்னும் தெளிவாகும். கைகலப்பு எல்லை தரைமட்டமாக ஒரு அங்குலம், உயரத்தில் ஐந்து அங்குலம். அதாவது மாடியில் இருப்பவனின் கீழே வந்து நின்றாலே கைகலப்பில் இருப்பதாகக் கணக்கு. இப்போது ஒரு யூனிட் தன்னுடைய முறையில் டீப் ஸ்ட்ரைக்கில் இறங்கி, அதே முறையில் பாய்வதாக (இரண்டு பகடை உருட்டி, விழுந்த எண் அளவு அங்குலம் ஓடிக் கைகலப்புக்குப் போவதாக) வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இறங்கியிருந்தால், பாய்வதற்கு இரண்டு பகடையில் ஒன்பது வேண்டும். 36இல் 10 வாய்ப்பு, ஏறக்குறைய 28 சதவீதம். ஆனால் ஐந்தங்குல மாடிக்கு எதிரே தரையில் எட்டு அங்குலத்தில் இறங்கிவிட்டால் ஏழு போதும். 36இல் 21, அதாவது 58 சதவீதம். மாடியில் நிற்பவன் தரையில் நிற்பவனைவிட இரு மடங்கு ஆபத்தில் இருக்கிறான் என்று ஆகிவிடும். உயரமான இடத்தைப் பிடித்ததற்குத் தண்டனை! அந்த ஓட்டையை ஒரே ஒரு சொல்லால் அடைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் சமநிலையை இவ்வளவு சிறிய சொல் காப்பாற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த விளையாட்டின்மீது மதிப்புக் கூடுகிறது.

அளப்பதில் உள்ள நடைமுறைச் சிரமம் எனக்குத் தெரியும். இடிந்த கட்டடத்தின் சுவர்களுக்கு இடையே டேப் நுழையாது. மாடியில் நிற்பவனின் நேர் கீழ்ப்புள்ளி எது என்று கண்ணால் சொல்லவும் முடியாது. நான் போட்டிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் ஒரு முழ நூலும் அதன் நுனியில் கட்டிய ஒரு சிறிய பித்தளை நட்டும் இருக்கும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் தூக்குக் குண்டின் சிறிய வடிவம், அவ்வளவுதான். ஸ்னைப்பர் மாடல் நிற்கும் அடித்தட்டின் விளிம்பில், உங்கள் மாடலை நோக்கிய பக்கத்தில், நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நட்டு ஆடி அடங்கும்வரை பொறுங்கள். அது மேசையைத் தொடும் இடத்தில் ஒரு பகடையை வையுங்கள். அந்த இடத்திலிருந்து டேப். முழு வேலையும் அரை நிமிடம். இரண்டு பேரும் குனிந்து நட்டு அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் கோபமும் சற்று அடங்குவதைப் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன்.

'மேல்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். ஒன்பதுக்கு மேல் என்றால் சரியாக ஒன்பது செல்லாது. டேப்பின் ஒன்பதாவது கோட்டுக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே மேசை விரிப்பின் நிறம் தெரிய வேண்டும்.

அப்படியானால் உங்கள் வெற்றி செல்லாதா என்று கேட்பீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் இறங்கியது எதிராளியின் முறையில். அந்த முறையில் உங்களுக்குப் பாய்ச்சல் இல்லை. அவன் சுட்டு முடித்த பிறகு, உங்கள் முறையில் டெர்மினேட்டர்கள் ஐந்து அங்குலம் நடந்துவிட்டுத்தான் பாய்ந்திருப்பார்கள். எட்டிலிருந்து நடந்தால் மீதி மூன்று. கைகலப்பு எல்லைக்குள் போக இரண்டு அங்குலம் போதும். இரண்டு பகடை எப்படி விழுந்தாலும் பாய்ச்சல் தவறாது. ஒன்பதைச் சற்றுத் தாண்டி, சரியான இடத்தில் இறங்கியிருந்தால் நான்கு தேவைப்பட்டிருக்கும். 36இல் 33 வாய்ப்பு. ஆக, அந்த ஒரு அங்குலம் உங்களுக்குக் கொடுத்தது 36இல் 3 பங்கு. பாய்ச்சலை மட்டும் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஒரு அங்குலம் பின்னால் இருந்திருந்தால் அவனுடைய மற்ற யூனிட்டுகள் உங்களைப் பார்த்துச் சுட்டிருக்க முடியுமா, சுவரின் மறைவு கிடைத்திருக்குமா என்பது மேசையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினால் பயனுண்டு.

நான் அந்த மேசையில் நடுவராக இருந்திருந்தால், ஆட்சேபம் எழுந்த அந்த நிமிடமே யூனிட்டை எடுத்து, விதிப்படி வேறு இடத்தில் இறக்கச் சொல்லியிருப்பேன். அப்படி இடமே இல்லையென்றால் ரிசர்வுக்குத் திருப்பி, கமாண்ட் பாயிண்டையும் திருப்பித் தந்திருப்பேன். இது புத்தகத்தில் இருக்கும் பரிகாரம் என்று சொல்ல மாட்டேன், நடுவராக நான் பின்பற்றும் முறை. பிழை கண்டவுடன் திருத்துவது எளிது. இரண்டு சுற்றுகள் கழித்துத் திருத்தப் போனால் பிழையைவிடத் திருத்தம் பெரிய அநியாயமாகிவிடும். முடிந்த ஆட்டத்தின் முடிவு அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது ஆட்சேபம். இங்கேதான் எந்தக் கதவு என்ற கேள்வி வருகிறது. ரிசர்வ் என்பது பொதுப்பெயர். அதற்குள் போக இரண்டு கதவுகள் உண்டு. ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸ் என்பது அரண்கள் போன்ற கட்டுமானங்களைத் தவிர எந்த யூனிட்டும் போகக்கூடிய கதவு. அதற்குத்தான் படையின் மொத்தப் புள்ளியில் கால் பங்கு என்ற வரம்பு. 1,000 புள்ளி ஆட்டத்தில் 250, 2,000இல் 500, 3,000இல் 750. வாகனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் வீரர்களின் புள்ளியும் அதில் சேரும்; இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். டீப் ஸ்ட்ரைக் இன்னொரு கதவு. அந்தத் திறன் உள்ள யூனிட் அதன் வழியாக ரிசர்வுக்குப் போனால், மைய விதிகளின்படி கால் பங்கு வரம்பில் அது சேராது. எனவே உங்கள் டெர்மினேட்டர்கள் டீப் ஸ்ட்ரைக் கதவு வழியாகப் போயிருந்தால் உங்கள் கணக்கு 470தான். படை செல்லும். நீங்கள் ஆடும் போட்டியின் விதித் தொகுப்பு ரிசர்வ் முழுவதற்கும் சேர்த்து வேறு உச்சவரம்பு வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டீப் ஸ்ட்ரைக் உள்ள யூனிட்டை ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸிலும் வைக்கலாம். அப்படி வைத்தாலும், திரும்பி வரும்போது டீப் ஸ்ட்ரைக் முறையில் இறங்க அனுமதி உண்டு. அதாவது மேசையில் இறங்கும்போது பார்த்தால் எந்தக் கதவு வழியாகப் போனது என்று சொல்லவே முடியாது. வித்தியாசம் புள்ளிக் கணக்கில் மட்டும்தான். அதனால்தான் ஆட்டம் தொடங்குமுன், படை அமைப்பை அறிவிக்கும் படியில், எந்தத் தலைவன் எந்த யூனிட்டோடு சேர்கிறான், எந்த வாகனத்துக்குள் யார், ரிசர்வில் யார், அவர்களில் ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸில் யார் என்று இரு தரப்பும் எழுதிவைத்து, பிறகு வெளிப்படுத்த வேண்டும். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். "பைக், டாங்கி, டெர்மினேட்டர், மூன்றும் ரிசர்வ்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒரே மூச்சில், ஒரே சொல்லில். அவன் காதில் அது ஒரே கதவாகத்தான் விழுந்திருக்கும். நடுவராக நான் உங்களுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்: ஒருவர் சொன்னதற்கு இரண்டு பொருள் இருந்து, ஒரு பொருளில் படை செல்லும், மற்றதில் செல்லாது என்றால், செல்லும் பொருளையே அவர் சொன்னதாகக் கொள்வது நியாயம். எவரும் தன் படையைத் தானே செல்லாததாக்க நினைப்பதில்லை. இருந்தாலும் அவனுடைய சந்தேகம் நேர்மையானது. அதை நீங்கள் உண்டாக்கினீர்கள்.

ஒரு தபால் அட்டை அளவுக்குத் தாள் போதும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸ், கீழே மொத்தப் புள்ளி. வலப்பக்கம் டீப் ஸ்ட்ரைக். அறிவிக்கும் நேரத்தில் அதை மேசை ஓரத்தில் திருப்பி வைத்துவிடுங்கள், எதிராளி படிக்கட்டும். யூனிட் மேசையில் இறங்கியதும் அதன் பெயரை அடித்துவிடுங்கள்.

உங்கள் பைக் வீரர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த சண்டை அங்கேதான் காத்திருக்கிறது என்று தோன்றுவதால் இரண்டு வரி. ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்ஸிலிருந்து வரும் யூனிட் மேசையின் ஏதாவது ஒரு விளிம்பிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் 'முழுவதுமாக' இருக்க வேண்டும். தட்டின் ஒரு துளிகூட வெளியே நீளக் கூடாது. இரண்டாவது சுற்றில் வந்தால் எந்த மாடலும் எதிராளியின் களமிறங்கு பகுதிக்குள் இருக்கக் கூடாது. இங்கே கணக்குத் தலைகீழ்: தட்டின் ஒரு துளி கோட்டைத் தாண்டி உள்ளே போனாலே 'உள்ளே' இருப்பதாகப் பொருள். மூன்றாவது சுற்றிலிருந்து அந்தத் தடை விலகிவிடுகிறது. 'முழுவதுமாக உள்ளே' என்றால் எல்லாம் உள்ளே, வெறும் 'உள்ளே' என்றால் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் போதும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருப்பதால் பழகியவர்களும் தடுமாறுகிறார்கள். ஒன்பது அங்குலம் இதற்கும் உண்டு; அதுவும் கிடைமட்டம்தான்.

சில நேரம் இரண்டு வாசிப்பும் சம பலத்தோடு நிற்கும். திருத்தத்திலும் விடை இருக்காது. அப்போது ஒரு பகடையை உருட்டி அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு முடிவை எடுங்கள். பிறகு போட்டி அமைப்பாளரிடம் கேளுங்கள். ஆனால் மாடலை வைத்த பிறகு உருட்டாதீர்கள். வைக்குமுன், "இங்கே இறக்கப் போகிறேன், உனக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேளுங்கள். மாடல் கையில் இருக்கும்போது கேட்பதும், மேசையில் வைத்துவிட்டுக் கேட்பதும் ஒன்றல்ல. வைத்துவிட்டால் அதை எடுப்பது தோல்வி போலத் தெரியும். யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது, ஐந்து டெர்மினேட்டர்களையும் நட்டுவைத்த பிறகுதான் டேப்பை எடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றியது. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு விருந்துக்கு முன்பே அவனைத் தொலைபேசியில் அழையுங்கள். ரேபிட் இன்கிரஸ் பற்றிய தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டாம். "மாடி அளவில் நீ சொன்னதுதான் சரி" என்று முதலில் சொல்லுங்கள். அதை அவன் உங்கள் வாயால் கேட்டாக வேண்டும். அதன் பிறகு மற்ற இரண்டையும் சொன்னால் காது கொடுப்பான். கிளப்புக்குப் போகும்போது நூலையும் நட்டையும் எடுத்துப் போக மறக்காதீர்கள்.